காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டுமா?

"வெள்ளைக்காரனே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ வளர்ந்த யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, மழைத்தண்ணீர் மூன்று நாளாக வடியாத தெருவில், பட்டாவுக்கு அலைந்துவிட்டு வந்து உட்காரும் டீக்கடையில் யாராவது ஒருவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமாம்பா" என்பார்கள். மற்ற ஊர்களில் இது வாய்ப்பேச்சோடு போய்விடும். வடசென்னையில் இதற்குச் செங்கல் சாட்சியே இருக்கிறது. 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் சிவப்புக் கட்டடமும் வெள்ளைத் தூண்களும் அங்கேயேதான் நிற்கின்றன. துறைமுகம், பேசின் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் கால்வாய், உப்பு வந்து இறங்கிய சால்ட் கோட்டர்ஸ் என்று கை நீட்டிக் காட்ட எத்தனையோ இருக்கின்றன. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்றைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். 1780களின் பஞ்சத்தில் அங்கே கஞ்சி ஊற்றினார்கள். அந்தப் பேர் இத்தனை தலைமுறை தாண்டியும் போகவில்லை.

மாலை நேரத்தில் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். இந்த வெள்ளைக்காரன் பேச்சு வகுப்பிலும் வரும். அப்போது ராயபுரம் ஸ்டேஷனையே எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்வேன். ரயில் கம்பெனிகளில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு ஐந்து சதவீதம் உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. குறைந்த பணத்தை ஈடுகட்டியது நம் ஊர் வரிப்பணம். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்த 1876–78 பஞ்சத்தின்போது அதே ரயிலில் தானியம் வெளியே போய்க்கொண்டும் இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் நகரத்துக்குள் ஓடும் பகுதியை வெட்டியவர்கள் அந்தப் பஞ்சத்தில் வேலை தேடி வந்தவர்கள். நிவாரண வேலைக்கு அப்போது நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. கால்வாயில் கவர்னரின் பேர் இருக்கிறது, வெட்டியவர்களில் ஒருவர் பேரும் இல்லை.

பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்ப அவன் வட்டி வாங்காம ரயில் போட்டிருந்தா? பஞ்சத்துல நெல்லை வெளிய அனுப்பாம இருந்திருந்தா? நியாயமா ஆண்டிருந்தா நாம சுதந்திரம் கேட்டிருக்கக் கூடாதா மேம்?" கேட்டிருக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதை அந்தப் பெண்ணுக்குத் திருப்தியாகும்படி சொல்ல, மற்ற நாடுகள் என்ன சொல்லி வெளியேறின என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேதியும் ஒரு தலைவர் பேரும்தான் நமக்கு மனப்பாடம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அந்த அறிக்கைகளை முழுதாக வாசித்தால், யார் முகத்தைப் பார்த்து எழுதினார்கள் என்பதில் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன.

ஊருக்குச் சொல்லும் காரணம்

எல்லாருக்கும் தெரிந்தது அமெரிக்காவின் 1776. பிரிந்துபோவது என்ற முடிவை ஜூலை 2ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். ஜூலை 4ஆம் தேதி ஏற்றுக்கொண்ட அறிக்கையின் வேலை, எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்வது. உலகத்தாரின் கருத்துக்கு மதிப்புக் கொடுத்து எங்களைப் பிரியவைத்த காரணங்களைச் சொல்கிறோம் என்று முதலிலேயே வந்துவிடுகிறது. மனிதர்கள் சமம், ஆளப்படுவோரின் சம்மதமே அரசின் அதிகாரம் என்ற புகழ்பெற்ற வரிகள் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் அரசன் ஜார்ஜ் செய்த குற்றங்களின் பட்டியல். 27 குற்றச்சாட்டு என்று எண்ணுவார்கள். சட்டமன்றத்தைக் கலைத்தான், சம்மதமில்லாமல் வரி போட்டான், அமைதிக் காலத்தில் படையை நிறுத்தினான் என்று ஒரு வழக்கறிஞர் மனு எழுதுவதைப் போல அடுக்கிக்கொண்டே போகிறார்கள். மனு யாருக்கு? பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் ஐரோப்பாவில் கடன் கொடுக்கக்கூடிய எல்லாருக்கும். 1778இல் பிரான்சு கூட்டு சேர்ந்தது.

நம் பக்கத்தில் அதே காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் கடலில் கொட்டிய தேயிலை, நம் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. ஹைதர் அலிக்குப் பயந்து கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிய கம்பெனி, அதற்கான செலவைக் குடியிருப்பவர்கள் தலையில் வரியாகப் போட நினைத்தது. அந்த வரி வசூலாகவில்லை என்பார்கள், வால்டாக்ஸ் ரோடு என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ், ஐந்தே வருடத்தில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்புவின் பிள்ளைகளைப் பணயமாக வாங்கிய காட்சியைப் பீடத்தில் செதுக்கிய அவர் சிலை இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அங்கே தோற்றவர் இங்கே ஜெயித்தார். 1776இன் காரணங்கள் எவ்வளவு பொதுவானவையாக எழுதப்பட்டிருந்தாலும், அவை கடல் தாண்டி இந்தக் கரைக்கு வருவதற்கு நெடுங்காலம் ஆனது.

பட்டியலில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். ஒரு பெண் புருஷன் வீட்டைவிட்டு வந்தால் ஊர் என்ன கேட்கும்? அடிச்சானா, குடிக்கிறானா, வேற தொடுப்பு இருக்கா என்று கேட்கும். இதில் ஏதாவது ஒன்றுக்கு அவள் ஆமாம் சொல்லிவிட்டால் சரி, பாவம் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். ஒன்றும் இல்லை, எனக்கு அங்கே வாழப் பிடிக்கவில்லை என்றால் போதாது. அப்படியானால் அடிக்காத புருஷனை விட்டு வரவே கூடாது என்று ஆகிறது. காலனிகளிடமும் உலகம் அப்படித்தான் கேட்டது. காயத்தைக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றது. காயத்தைக் காட்டியதும், எதிரில் இருப்பவன் தான் வாங்கிக் கொடுத்த சேலையைக் காட்டுவான். ரயில், ஆஸ்பத்திரி, சட்டப் புத்தகம் எல்லாம் அப்படி வெளியே வந்தவைதான்.

வெனிசுவேலாக்காரர்கள் 1811 ஜூலை 5ஆம் தேதி எழுதியதில் இந்தச் சங்கடம் தெரிகிறது. முந்நூறு வருட ஸ்பானிய ஆட்சியின் மேல் திரை போட்டுவிடுகிறோம், அந்தப் பழங்கதையைக் கிளற மாட்டோம் என்கிறார்கள். 1808இல் நெப்போலியன் ஸ்பெயின் அரச குடும்பத்தை மிரட்டி முடியைப் பிடுங்கினான். எங்களைக் கேட்காமல் அரசன் எங்களைக் கைமாற்றினான், அதனால் எங்கள் உரிமை எங்களிடமே திரும்பி வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். சட்டப்படி கெட்டிக்கார வாதம்தான். ஆனால் திரை போட்ட முந்நூறு வருடத்துக்குள்ளே இருந்தவர்கள் யார்? பூர்வகுடிகளும் அடிமைகளும். எழுதியவர்களில் பெரும்பாலோர் அவர்கள் உழைப்பில் வாழ்ந்த தோட்ட முதலாளிகள்.

பிலிப்பைன்ஸ் கதை வயிற்றைப் பிசையும். 1898 ஜூன் 12 அன்று காவித்தே மாகாணத்தின் காவித் ஊரில் வாசித்த அறிக்கையில் ஸ்பெயினின் கொடுமைகள் வரிசையாக வருகின்றன. கூடவே, வலிமையும் மனிதநேயமும் மிக்க வட அமெரிக்க நாட்டின் பாதுகாப்பில் என்று ஒரு தொடர். காரணத்தை எந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்களோ, அந்த முகம் அதே டிசம்பரில் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்துத் தீவுகளை வாங்கிக்கொண்டது. விற்றவனிடமும் வாங்கியவனிடமும் பிலிப்பைன்ஸ்காரர்களின் காரணப் பட்டியல் எடுபடவில்லை.

இந்த வகையில் மிகக் கவனமாக எழுதியது வியட்நாம் என்பேன். 1945 செப்டம்பர் 2, ஹனோயின் பா தின் மைதானம். ஹோ சி மின் முதலில் அமெரிக்காவின் 1776 வரியைச் சொல்கிறார், பிறகு பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சொல்கிறார், அப்புறம்தான் தங்களை ஆண்ட பிரான்சின் மேல் பட்டியல். பள்ளிக்கூடங்களைவிட அதிகமாகச் சிறைகளைக் கட்டினார்கள், சாராயத்தையும் அபினையும் கொடுத்து எங்கள் மக்களை நலிய வைத்தார்கள், 20 லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள் என்று போகிறது. அதற்கு மேல் ஒரு சட்ட நுணுக்கமும் வைத்திருந்தார்: 1940 முதல் நாங்கள் உங்கள் காலனியாகவே இல்லை, ஜப்பானிடம் இருந்தோம், நாட்டை ஜப்பானிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம், உங்களிடமிருந்து அல்ல. இத்தனையையும் உலகத்துக்காக எழுதியவர், வாசிப்பை நடுவில் நிறுத்திவிட்டு எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்து, நான் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்டிருக்கிறார். எழுத்தில் உலகம் முன்னால் இருந்தது, மைதானத்தில் சொந்த ஜனம் முன்னால் இருந்தது. அந்த ஒரு கேள்வியில் அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது தெரிந்துவிட்டது.

அதே அச்சில் இன்னொன்று

1965 நவம்பர் 11 அன்று ரொடீஷியாவில் பிரதமர் இயன் ஸ்மித் வாசித்த அறிக்கையை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். யார் எழுதியது என்று சொல்லாமல் அதன் தொடக்கத்தைத் தமிழில் சொன்னபோது, பாதிப்பேர் அமெரிக்கா என்றார்கள். அப்படித்தான் எழுதியிருந்தது. மனித நடப்பில் ஒரு மக்கள் இன்னொரு மக்களுடன் இருந்த அரசியல் பிணைப்பை அறுக்க வேண்டி வரலாம் என்று 1776இன் நடையையே எடுத்துக்கொண்டார்கள். மனிதர்கள் சமம் என்ற வரியும் ஆளப்படுவோரின் சம்மதம் என்ற வரியும் மட்டும் அதில் கிடையாது. நாட்டு மக்களில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மட்டுமே இருந்த வெள்ளையர்கள், கறுப்பர்களுக்குப் பெரும்பான்மை ஆட்சி வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் அறிவித்தார்கள். கடைசி வரி 'ராணி வாழ்க' என்று முடிகிறது. சாம்ராஜ்யத்திடமிருந்து விடுதலை, காரணப் பட்டியல், உலகத்துக்கு முறையீடு எல்லாம் இருந்தது. நியாயம் மட்டும் இல்லை. உலகம் அதை ஏற்கவில்லை. 1980இல்தான் அந்த நாடு ஜிம்பாப்வே ஆகி விடுதலை பெற்றது.

ஆக, பட்டியல் போட்டுவிட்டால் நியாயம் வந்துவிடாது. 1776இலும் இந்தக் கோளாறு இருந்தது. அடிமை வியாபாரத்துக்கு அரசனைக் குற்றம் சாட்டி ஜெபர்சன் எழுதிய பகுதியை, தெற்கத்தியர்கள் ஒத்துக்கொள்ளாததால் வெட்டிவிட்டார்கள். பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்ற வரியை வெட்டவில்லை. ரொடீஷியாக்காரர்கள் 1776ஐப் பார்த்து எழுதும்போது, அங்கே ஏற்கெனவே திறந்திருந்த ஒரு கதவு வழியாகத்தான் நுழைந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பாவின் பட்டியல்

அப்பாவோடு சேர்ந்து ஹார்பரில் வேலை பார்த்தவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். புளியந்தோப்புக்காரர். 'வெள்ளைக்காரனே இருந்திருந்தா' என்ற பேச்சை என் காதுக்குள் அதிகம் போட்டவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தார். நான் ரயில் கம்பெனியின் ஐந்து சதவீதக் கணக்கை எடுத்து விட்டேன். முழுதும் கேட்டார்.

"சரிம்மா. அவன் வட்டி வாங்குனான், ஒத்துக்குறேன். எங்க தாத்தா அந்த ரயில்ல ஏறி உக்காந்தாரு. பக்கத்துல எவன் உக்காந்தாலும் எழுந்து போன்னு சொல்ல முடியாது. அதே ஆளு ஊருக்குப் போனா செருப்ப கையில எடுத்துக்கணும். இப்ப சொல்லு, எங்க தாத்தாவுக்கு யாரு வெள்ளைக்காரன்?"

அப்புறம் நிறுத்தாமல் பேசினார். 1921 பின்னி மில் ஸ்டிரைக்கைப் பற்றி அவர் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை அது. 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லித் தருவேன், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று, பெரம்பூரில் பிறந்தது என்று. அந்தச் சங்கம் 1921இல் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கூலி நின்றால் அடுத்த வேளைக்கு வழியில்லாதவர்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா இவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. புத்தகத்தில் இது சாதிக் கலவரம் என்று ஒரு வரியில் முடியும், இல்லாவிட்டால் வெள்ளைக்கார முதலாளியின் பிரித்தாளும் சூழ்ச்சி என்று இன்னொரு வரியில் முடியும். பெரியப்பா சொன்னது இரண்டும் இல்லை. "நாட்டுக்காக வேலைக்குப் போகாதேன்னாங்க. அந்த நாட்டுல எங்களுக்கு என்ன பங்குன்னு அப்ப யாரும் சொல்லல."

பிறகு அவர் சொன்னவை எல்லாம் 1947க்குப் பிந்தியவை. வீட்டு மனைக்கு மனுப் போட்டு வருடக்கணக்கில் நடந்தது. தெருவை இடித்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விடப் பார்த்தது. பையனின் சாதிச் சான்றிதழுக்கு ஒரு மேசைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி. ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. இத்தனை வருடமாக நான் வெள்ளைக்காரனைப் புகழும் பேச்சு என்று எதிர்வாதம் செய்துகொண்டிருந்தது புகழ்ச்சியே இல்லை. அது ஒரு குற்றப்பட்டியல். பிலடெல்பியாவிலும் ஹனோயிலும் எழுதிய அதே வகைப் பட்டியல். முகவரி மட்டும் லண்டன் இல்லை, நாம்.

1947 ஆகஸ்ட் 15ஐப் பெரியார் துக்க நாள் என்றதும், அண்ணா அதை மறுத்து இன்ப நாள் என்றதும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த சண்டை. அந்தச் சண்டையை யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதாகவே பேசிப் பழகிவிட்டோம். பெரியப்பாவைக் கேட்ட பிறகு எனக்கு இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்று படுகிறது. போகிறவன் போகத்தான் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. வருகிறவன் யாருக்காக வருகிறான் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அண்ணா பக்கம் நிற்கிறேன், தயக்கமே இல்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிய எந்த அறிக்கையும் எனக்கு இப்போது பாதி அறிக்கையாகத்தான் தெரிகிறது.

காரணம் சொல்லாதவர்கள்

கடைசி பெஞ்சுப் பெண்ணின் கேள்விக்கு நேரான பதில், காரணமே சொல்லாத அறிக்கைகளில்தான் கிடைத்தது. இந்தோனேசியாவின் பிரகடனம் இரண்டே வாக்கியம். 1945 ஆகஸ்ட் 17 அன்று ஜகார்த்தாவில் ஒரு வீட்டு முற்றத்தில் சுகர்ணோ வாசித்தார். இந்தோனேசிய மக்களாகிய நாங்கள் விடுதலையை அறிவிக்கிறோம் என்று முதல் வாக்கியம். அதிகார மாற்றம் முதலியவை கவனமாகவும் சீக்கிரமாகவும் நடக்கும் என்று இரண்டாவது. டச்சுக்காரன் என்ன செய்தான் என்று ஒரு சொல் இல்லை. தட்டச்சு செய்த தாளில் வருடம் '05' என்று இருக்கிறது, ஜப்பானியக் கணக்கில் 2605. ஆக்கிரமித்தவனின் நாட்காட்டியைக்கூட மாற்ற நேரமில்லாத அவசரம். ஆனாலும் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. நெதர்லாந்து 1949 டிசம்பரில்தான் அதிகாரத்தை ஒப்படைத்தது, அதுவும் 400 கோடி கில்டருக்கு மேல் கடனை அவர்கள் தலையில் கட்டிவிட்டு.

கொரியாவில் 1919 மார்ச் 1 அன்று 33 பேர் கையெழுத்திட்ட அறிக்கை இன்னொரு மாதிரி. ஜப்பானின் நம்பிக்கைத் துரோகத்தைக் குற்றம் சொல்ல வரவில்லை, எங்களை நாங்களே சீர்செய்துகொள்ளும் வேலை இருக்கிறது, பிறரைப் பழிக்க நேரமில்லை என்கிறது. அடக்குமுறையில் இருந்துகொண்டு இப்படி எழுத எவ்வளவு நிமிர்வு வேண்டும்!

ஹெய்ட்டியை நான் தனியாக வைக்கிறேன். 1804 ஜனவரி 1, கொனாயீவ் நகரம். பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த தளபதி தெஸ்ஸலீன் பேசியது ஐரோப்பாவிடம் இல்லை, விடுதலையான அடிமைகளிடம். உலகத்திடம் அனுமதி கேட்பதாக எங்கும் இல்லை. செத்தவர்களின் எலும்புகள் இன்னும் பழிவாங்கச் சொல்லிக் கேட்கின்றன, பிரான்சின் கீழ் வாழ்வதைவிடச் சாவோம் என்று சத்தியம் செய்யுங்கள் என்று சொந்த ஜனத்தை நேராகப் பார்த்துக் கேட்கிறது அது. தோட்டத்தில் கரும்பு வெட்டியவர்கள்தான் அந்த அறிக்கையின் 'நாம்'. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு வேறு யாரும் உள்ளே உட்காரவில்லை. அதனாலேயே உலகம் மன்னிக்கவில்லை. தன் அடிமைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்த அமெரிக்கா 1862 வரை அங்கீகரிக்கவில்லை. பிரான்சு 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. இழந்த சொத்தில் அந்த மனிதர்களின் உடம்பும் அடக்கம். பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களை அடைத்து முடிக்க 1947 ஆனது. நாம் கொடியேற்றிய வருடம். இதை வகுப்பில் சொன்னபோது, எப்போதும் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருக்கும் பையன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்த நிமிர்வு 1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபையில் சட்ட நடைக்கு வந்துசேர்ந்தது. தீர்மானம் 1514. அரசியல், பொருளாதாரம், சமூகம், கல்வி ஆகியவற்றில் தயாராக இல்லை என்பதைச் சாக்காக வைத்து விடுதலையைத் தள்ளிப்போடவே கூடாது என்கிறது. 89 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 9 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா, போர்ச்சுகல், பெல்ஜியம் எல்லாம் உண்டு. அதே வருடம் ஜூன் 30 அன்று காங்கோவில் பெல்ஜிய அரசன் தன் முன்னோரின் சாதனையைப் புகழ்ந்து முடித்ததும், புதிய பிரதமர் லுமும்பா எழுந்து அடியையும் அவமானத்தையும் அடுக்கினார். வெள்ளையனுக்கு மரியாதைப் பன்மை, கறுப்பனுக்கு ஒருமை என்று அழைத்ததையும் விடவில்லை. சிறுபிள்ளை ஒருமையில் கூப்பிட, பெரியவர்கள் கைகட்டி நின்ற ஊர்க்காரர்கள் நாம், அந்த வலி நமக்கு விளக்க வேண்டியதில்லை. லுமும்பா சொன்னது அனுமதி கேட்கும் மனு இல்லை. விடுதலை கைக்கு வந்த பிறகு, நடந்ததை மறக்க மாட்டோம் என்று சொந்த மக்கள் முன் வைத்த பதிவு. பட்டியலுக்கு இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஜனவரி 26

நம்முடையதுக்கு வருகிறேன். முழு விடுதலைதான் இலக்கு என்று காங்கிரஸ் முதலில் தீர்மானம் போட்டது 1927 டிசம்பரில், நம் சென்னையில் நடந்த மாநாட்டில். 1929 டிசம்பர் லாகூர் மாநாட்டுக்குப் பிறகு, 1930 ஜனவரி 26 அன்று நாடு முழுக்க வாசித்த உறுதிமொழி, மற்றவர்கள் பிரிந்து நிற்கும் இடத்தில் இரண்டையும் சேர்க்கிறது. விடுதலை பெறுவது எந்த மக்களுக்கும் பறிக்க முடியாத உரிமை என்று, காரணம் கேட்காத வாதத்தில் தொடங்குகிறது. உடனே கணக்குக்கு வருகிறது: நம் சராசரி வருமானம் நாளைக்கு ஏழு பைசா. ரூபாய்க்கு 64 பைசா இருந்த காலம் அது. கட்டும் வரியில் 20 சதவீதம் நிலவரி, 3 சதவீதம் ஏழையை அதிகம் அழுத்தும் உப்பு வரி. கைநூற்பு அழிந்ததால் உழவர்கள் வருடத்தில் நாலு மாதமாவது வேலையில்லாமல் இருக்கிறார்கள். பொருளாதாரம், அரசியல், பண்பாடு, ஆன்மா என்று நாலு வகையிலும் நாட்டைக் கெடுத்தார்கள் என்று அடுக்கிவிட்டு, இனியும் அடங்கிப்போவது மனிதனுக்கும் கடவுளுக்கும் செய்யும் குற்றம் என்கிறது.

வாசிக்கும்போது மனசு நிறைகிற எழுத்துதான். ஆனால் பெரியப்பாவின் தாத்தா ஊருக்குள் செருப்பைக் கையில் எடுத்ததற்கு அதில் ஒரு வரி இல்லை. தீண்டாமை என்ற பேச்சே இல்லை. புளியந்தோப்பு எரிந்து ஒன்பது வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கஷ்டத்துக்கு லண்டனைக் காரணம் காட்ட முடியாது, அதனால் லண்டனுக்கு எதிரான பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எல்லாக் குற்றத்தையும் வெளியே இருப்பவன் மேல் எழுதும் பட்டியலில், உள்ளே இருப்பவன் செய்ததற்குக் கட்டமே இருக்காது. 1776இல் அடிமைகளுக்கும் 1811இல் பூர்வகுடிகளுக்கும் நடந்ததும் இதுதான். 1816இல் தூக்குமானில் விடுதலை அறிவித்த அர்ஜென்டினாக்காரர்கள் அறிக்கையைக் கெச்சுவாவிலும் அய்மாராவிலும் அச்சடித்தார்கள். பிறகு அந்த மக்களை எப்படி நடத்தினார்கள் என்பது வேறு, ஆனால் எங்களோடு நீங்களும் வாருங்கள் என்று அவர்கள் மொழியில் சொல்லவாவது செய்தார்கள்.

அந்த உறுதிமொழி நாளை மறக்காமல் இருக்கத்தான் 1950இல் அரசியல் சட்டத்துக்கு அதே ஜனவரி 26ஐத் தேர்ந்தெடுத்தார்கள். என் பிள்ளைகளுக்கு இரண்டு தேதியும் இரண்டு ஒரு மதிப்பெண் விடைகள். இரண்டு எழுத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன். 1930இல் இல்லாத வரி 1950இல் இருக்கிறது: பிரிவு 17, தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அதை எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம். வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். எந்தச் சாம்ராஜ்யத்தையும் குற்றம் சாட்டாத வரி அது, நம்மை நோக்கி எழுதியது. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலும் இதைத் தொட்டுத்தான் முடிந்தது. அவன் எவ்வளவு நியாயமாக ஆண்டிருந்தாலும் பிரிவு 17ஐ நமக்காக எழுத அவனுக்கு உரிமை கிடையாது, எழுதும் கடமையும் கிடையாது. எழுத வேண்டியவர்கள் நாம், எழுதும் இடத்துக்கு வர நாம் விடுதலை ஆகியிருக்க வேண்டும்.

பெரியப்பாவிடமும் சொன்னேன். "எழுதுனது பெருசுதாம்மா. இல்லைன்னு சொல்லல," என்றார். பிறகு பையனின் சான்றிதழ் எந்த மேசையில் நிற்கிறது என்று சொல்லி, ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு முழுத்தாள் வந்தது.